கொஞ்சம் அச்சானியமாகக் கதைப்போம்



போன எபிசோட் வந்த பிறகு ஒரு தங்கச்சி வாய்ஸ் நோட் அனுப்பியிருந்தா. படிப்பு முடிந்து முதல் வேலை, சேர்ந்து ஐந்து மாதம். மேனேஜர் ஒரு எக்ஸெல் ஷீட்டைக் கையில் கொடுத்து, "இனி இந்த ரிஸ்க் ரெஜிஸ்டர் உன் பொறுப்பு" என்று சொல்லிவிட்டாராம். அதில் 43 வரிகள். முக்கால்வாசி மஞ்சள் நிறம். "அண்ணா, ஒவ்வொரு வெள்ளிக்கிழமையும் நான் அந்த ஷீட்டில திகதியை மட்டும் மாத்தி வைக்கிறன். இதால ஆருக்கு என்ன பிரயோசனம் எண்டு எனக்கு விளங்கேல்ல" என்று கேட்டிருந்தா.

நியாயமான கேள்வி. அடுத்த எபிசோடில் இரண்டு நிமிடத்தில் பதில் சொல்லித் தப்பிவிடலாம் என்று பார்த்தேன், சரிவரவில்லை. அதனால் இந்தக் கிழமைக் கடிதம் முழுக்க அவவுக்குத்தான். உங்களில் கனபேர் இப்போதுதான் வேலைக்குப் போகத் தொடங்கியிருக்கிறீர்கள், உங்களுக்கும் உதவும்.

முதலில் நான் பிழைவிட்ட கதையைச் சொல்கிறேன்.

சில வருடங்களுக்கு முதல், லண்டனில் ஒரு பேரோல் மாற்றம். முதியோர் பராமரிப்பு இல்லங்களை நடத்தும் ஒரு கொம்பனி. பெயர் வேண்டாம். பழைய சம்பள சிஸ்டத்தில் இருக்கும் ஆட்களின் விவரங்களைப் புது சிஸ்டத்துக்குக் கொண்டுபோக வேண்டும். நான் டேட்டா பக்கம், நாள் கூலிக்கு வந்த கொன்ட்ராக்டர்.

அந்த மாதிரி வேலைகளில் ஒரே ஆள் இரண்டு இடத்தில் வேலை செய்வது சாதாரணம். பகலில் ஒரு இல்லம், வார இறுதி இரவில் அதே கொம்பனியின் இன்னொரு இல்லம். ஒப்பந்தம் இரண்டு, நஷனல் இன்சூரன்ஸ் நம்பர் ஒன்று. எங்கள் ஸ்கிரிப்ட் அந்த நம்பரை மட்டும் வைத்துத்தான் ஆளை அடையாளம் கண்டது. ஒரே நம்பர் இரண்டாம் முறை வந்தால், "இது ஏற்கெனவே இருக்கு" என்று நினைத்து முதலாவதின் மேல் எழுதிவிடும். 400 பேரை வைத்து டெஸ்ட் பண்ணினோம். 11 பேருக்கு இரண்டாவது வேலை காணாமல் போயிருந்தது.

நான் பார்த்தேன். பார்க்காமல் விட்டேன் என்று சொல்ல வழியே இல்லை. லீடிடம் வாயால் சொன்னேன். "பிறகு பாப்பம், இப்போதைக்கு ரெஜிஸ்டரில போடு" என்றார். போட்டேன். என்ன போட்டேன் தெரியுமா? "தரவுத் தரம் தொடர்பான ரிஸ்க். வாய்ப்பு: நடுத்தரம். பாதிப்பு: நடுத்தரம். பொறுப்பு: மைக்ரேஷன் டீம்." நிறம் மஞ்சள்.

ஏன் சிவப்புப் போடவில்லை? என் கொன்ட்ராக்ட் முடிய இன்னும் இரண்டு கிழமைதான் இருந்தது. நீட்டிப்பார்களா இல்லையா என்று தெரியாத நேரம். ஷீட்டைச் சிவப்பாக்குகிற கொன்ட்ராக்டரை ஒருவருக்கும் பிடிக்காது என்று எனக்கு ஒரு எண்ணம். வீட்டில் சின்ன வயதிலிருந்து கேட்டு வளர்ந்த "உனக்கேன் தேவையில்லாத வேலை" என்ற குரலும் உள்ளே இருந்தது.

சம்பள நாள் வெள்ளிக்கிழமை. 200 பேருக்கு மேல் ஒரு வேலைக்கான காசு மட்டும்தான் போனது. உதவிக்கு ஆள் போதாது என்று எங்களுக்கும் ஹெட்செட் தந்து இருத்தினார்கள். நாலாவதோ ஐந்தாவதோ கோல். என் பெயரைக் கேட்டதும் அந்த அம்மா தமிழுக்கு மாறினா. "தம்பி தமிழோ? நான் ரெண்டு இடத்திலயும் செய்யிறன் தம்பி. இரவு வேலைக் காசு வரேல்ல. திங்கக்கிழமை வாடகை எடுப்பாங்கள்." செவ்வாய் வந்துவிடும் என்று சொன்னேன். கொஞ்ச நேரம் பேசாமல் இருந்துவிட்டு, "சரி தம்பி, நீங்கள் என்ன செய்யிறது, உங்கட பிழையே" என்று சொல்லிவிட்டு வைத்துவிட்டா.

இனி அந்த வரியில் என்ன பிழை என்று பார்ப்போம்.

"தரவுத் தரம் தொடர்பான ரிஸ்க்" என்பது ஒரு தலைப்பு. அதை வாசிக்கிற ஆளால் எழும்பிப் போய் ஒன்றும் செய்ய முடியாது. ரிஸ்க்கை ஒரு முழு வசனமாக எழுத வேண்டும், அதற்குள் மூன்று விஷயம் இருக்க வேண்டும்: என்ன காரணத்தால், என்ன நடக்கலாம், நடந்தால் யாருக்கு என்ன ஆகும். நான் எழுதியிருக்க வேண்டியது இது: "ஸ்கிரிப்ட் நஷனல் இன்சூரன்ஸ் நம்பரை மட்டும் பார்க்கிறது. அதனால் இரண்டு ஒப்பந்தம் உள்ளவர்களின் ஒரு ஒப்பந்தம் அழிகிறது, டெஸ்டில் 400 பேரில் 11 பேருக்கு அழிந்தது. இப்படியே விட்டால் முதல் சம்பள நாளில் 200க்கு மேற்பட்ட ஆட்களுக்குப் பாதிச் சம்பளம்தான் போகும்."

அந்த 200 எங்கிருந்து வந்தது? கொம்பனியில் ஏறத்தாழ 8,000 பேர். 400க்கு 11 என்றால் 8,000க்கு 220. போனில் இருக்கும் கல்குலேட்டரில் பத்து செக்கன் வேலை. நான் அதைச் செய்யவே இல்லை. "நடுத்தரம்" என்ற சொல் இருந்ததால் கணக்குப் போட வேண்டிய தேவையே வரவில்லை. இந்த உயர்ந்தது, நடுத்தரம், குறைந்தது எல்லாம் யோசிக்காமல் இருப்பதற்கு நல்ல வசதி.

இன்னொன்று. கவனமாகப் பார்த்தால் அது ரிஸ்க்கே இல்லை. ரிஸ்க் என்றால் இனிமேல் நடக்கலாம், நடக்காமலும் விடலாம். எங்களுக்கு அது டெஸ்டில் நடந்தே விட்டது. நடந்து முடிந்ததை இஷ்யூ என்று சொல்வார்கள், அதற்குத் தனி லிஸ்ட், தனி அவசரம். உண்மையான பிரச்சினையை "நடக்கலாம்" என்று எழுதி ரிஸ்க் ரெஜிஸ்டருக்குள் படுக்கவைப்பது ஒபிஸ்களில் நடக்கும் பழைய விளையாட்டு. தங்கச்சி, உங்கள் 43 வரியில் முதல் வேலையாக இதைத் தேடுங்கள். எனக்குத் தெரிந்த எந்த ஷீட்டிலும் இரண்டு மூன்றாவது அகப்படாமல் விட்டதில்லை.

பொறுப்பு "மைக்ரேஷன் டீம்" என்று எழுதினேன் அல்லவா, அதுவும் ஒருவரும் இல்லை என்று எழுதியதற்குச் சமம். இதில் எங்கட அம்மாமார் பெரிய கெட்டிக்காரர். ஒரு கல்யாணவீட்டை நினைத்துப் பாருங்கள். ஹோலுக்குச் சாமான் கொண்டுபோக நாலு கார், இருபது பேர். ஆனால் தாலியும் கூறையும் ஒரே ஒரு சித்தியின் கையில் இருக்கும். அந்தப் பையை அவ பாத்ரூமுக்குப் போகும்போதுகூடக் கீழே வைக்கமாட்டா. "பொண்ணு வீட்டு ஆக்கள் பாத்துக்கொள்ளுவினம்" என்று யாராவது விட்டால் என்ன ஆகும் என்று அம்மாவுக்குத் தெரியும். 300 பேர் வருவோம் என்று சொன்னால் 350க்குச் சாப்பாடு சொல்வதும், ஐயர் பிந்தினால் கூப்பிட இன்னொரு ஐயரின் நம்பரைக் கைப்பையில் வைத்திருப்பதும் இதே வேலைதான். எக்ஸெல் ஷீட் இல்லாமல் செய்கிறா.

ஆகவே ஒவ்வொரு வரிக்கும் ஒரு ஆள், பெயரோடு. அந்த ஆளுக்கு அது தன் பெயரில் இருப்பது தெரிந்திருக்கவும் வேண்டும். சிரிக்காதீர்கள். தன் பெயர் ரெஜிஸ்டரில் இருப்பதே தெரியாத மேனேஜர்களைக் கண்டிருக்கிறேன்.

அதோடு ஒரு திகதியும் வேண்டும். "எப்போது முடிக்கிறது" என்பதைவிட எனக்கு முக்கியமானது, "எந்த நாளுக்குப் பிறகு ஒன்றும் செய்ய முடியாது" என்ற திகதி. பிரிட்டனில் சம்பளம் பெரும்பாலும் பாக்ஸ் முறையில் போகும். முதல் நாள் ஃபைலைக் கொடுக்க வேண்டும், இரண்டாம் நாள் அது ப்ரொசெஸ் ஆகும், மூன்றாம் நாள் காசு கணக்கில் விழும். வெள்ளி சம்பளம் என்றால் புதன்கிழமை ஃபைல் போய்விட வேண்டும். எங்கள் பிரச்சினைக்கான உண்மையான கடைசி நாள் வெள்ளி இல்லை, புதன். அதைத் திருத்தி மறுபடி டெஸ்ட் பண்ண நாலு நாள் என்று வைத்தால், முந்தின கிழமை வியாழன். இப்படிப் பின்னோக்கி எண்ணினால்தான் "பிறகு பாப்பம்" என்பதற்கு எவ்வளவு நேரம் மிச்சம் இருக்கிறது என்று தெரியும்.

நிறங்களைப் பற்றியும் ஒரு சொல். வாய்ப்புக்கு 1 முதல் 5, பாதிப்புக்கு 1 முதல் 5, இரண்டையும் பெருக்கு என்பதுதான் வழமையான முறை. ஒபிஸ் பிரின்டரில் பேப்பர் முடிவது: வாய்ப்பு 5, பாதிப்பு 1, விடை 5. ஒருவருக்குமே சம்பளம் போகாமல் விடுவது: வாய்ப்பு 1, பாதிப்பு 5, அதற்கும் விடை 5. ஷீட் இரண்டுக்கும் ஒரே நிறத்தைப் பூசும். உங்கள் கொம்பனி நிறம் கேட்டால் போடுங்கள், சண்டை பிடிக்க வேண்டாம். ஆனால் பக்கத்தில் எத்தனை பேர், எத்தனை பவுண்ட், எத்தனை மணித்தியாலம் என்று எழுதிவிடுங்கள்.

டி.எஸ்.பி. வங்கிக்கு நடந்தது

2018 ஏப்ரலில் உங்களில் பலர் பள்ளிக்கூடத்தில் இருந்திருப்பீர்கள். இங்கே லண்டனில் இருப்பவர்கள் அம்மா அப்பாவைக் கேட்டால் ஞாபகம் இருக்கலாம்.

டி.எஸ்.பி. முதலில் லொயிட்ஸ் வங்கிக் குழுமத்துக்குள் இருந்தது. 2013இல் தனி வங்கியாக வந்தது, 2015இல் ஸ்பெயினின் சபாடெல் வங்கி அதை வாங்கியது. ஆனால் கம்ப்யூட்டர் சிஸ்டம் மட்டும் இன்னும் லொயிட்ஸினுடையது, வாடகைக்கு இருப்பதுபோல. அங்கிருந்து சபாடெலின் சிஸ்டத்தை அடிப்படையாக வைத்துக் கட்டிய புது சிஸ்டத்துக்கு 52 லட்சம் வாடிக்கையாளர்களைக் கொண்டுபோக வேண்டும். அதைக் கட்டியதும் நடத்தியதும் சாபிஸ் என்ற சபாடெல் குழுமத்தின் ஐ.டி. கொம்பனி.

2018 ஏப்ரல் 20 முதல் 22 வரையான வார இறுதியில் மாற்றினார்கள். தரவு ஒழுங்காகவே போய்ச் சேர்ந்தது. சிஸ்டத்தைத் திறந்தவுடன் எல்லாம் குழம்பியது. கனபேருக்குத் தங்கள் கணக்குக்குள் போக முடியவில்லை, சிலருக்கு வேறு ஆட்களின் கணக்கு விவரம் தெரிந்தது. கிளைகளிலும் இதே நிலைமை. முழுக்க வழமைக்குத் திரும்ப அந்த வருடம் டிசம்பர் ஆனது. வாடிக்கையாளர்களுக்கு 3.27 கோடி பவுண்ட் இழப்பீடு கொடுத்தார்கள். 2022 டிசம்பரில் இரண்டு ஒழுங்குமுறை அமைப்புகளும் சேர்ந்து 4.865 கோடி பவுண்ட் அபராதம் விதித்தன.

ஸ்லோட்டர் அண்ட் மே என்ற சட்ட நிறுவனம் இதை ஆராய்ந்து எழுதிய அறிக்கை 2019 நவம்பரில் வெளியானது. பெரிய அறிக்கை, ஆனால் ஒரு மழை நாளில் வாசிக்கலாம், கதை மாதிரிப் போகும். அதில் மூன்று விஷயம் எனக்கு மறக்காது.

ஒன்று, முடிவுத் திகதியை முதலில் வைத்துவிட்டு அதற்கு ஏற்றமாதிரி வேலையைப் பின்னோக்கி அடுக்கினார்கள். முதல் திகதி 2017 நவம்பர். அது சரிவராது என்று தெரிந்தபோது, புது அட்டவணை போட்டு முடிய முதலே 2018இன் முதல் காலாண்டு என்று வெளியில் அறிவித்துவிட்டார்கள். நான் மேலே சொன்ன பின்னோக்கி எண்ணுவது வேறு, இது வேறு. சம்பள நாளை மாற்ற முடியாது, அதனால் அங்கே பின்னோக்கி எண்ணலாம். இங்கே திகதி தாங்களே வைத்தது. வேலை எவ்வளவு என்று பார்த்துத் திகதியை நகர்த்தியிருக்கலாம்.

இரண்டு, புது சிஸ்டம் இரண்டு டேட்டா சென்டர்களில் ஒரே நேரத்தில் ஓடுவதற்காகக் கட்டப்பட்டது. அது எவ்வளவு சுமை தாங்கும் என்ற டெஸ்டை ஒன்றில் மட்டும்தான் செய்தார்கள். "மற்றதும் இதே மாதிரித்தானே" என்ற நினைப்பு எவ்வளவு ஆபத்து என்று சேர்வர் பக்கம் வேலை செய்தவர்களுக்குத் தெரியும். ஒரே மாதிரி இருக்க வேண்டிய இரண்டு மெஷின் உண்மையில் ஒரே மாதிரி இருப்பது அபூர்வம். யாரோ ஒருவர் ஒருநாள் இரவு ஒன்றில் ஒரு செட்டிங்கை மாற்றிவிட்டு, மற்றதில் மாற்ற மறந்திருப்பார்.

மூன்றாவதுதான் எனக்குப் பிடித்தது. சாபிஸ் "தயார்" என்று எழுத்தில் உறுதி கொடுத்தது. சாபிஸுக்கே வேலை செய்யும் வேறு கொம்பனிகள் பல இருந்தன, அவற்றின் கடிதங்களும் அதற்குப் பின்னால் இருந்தன. அறிக்கை அந்த உறுதிமொழியைப் பிரித்துப் பார்த்தபோது, அதில் இருந்தவை முடித்த வேலையைப் பற்றிய தகவல்களாக இல்லாமல், இனிச் செய்வோம் என்ற நல்ல எண்ணங்களாக இருந்தன.

இதற்குத் தமிழில் ஒரு சுலபமான சோதனை இருக்கிறது, வினைச்சொல்லின் காலத்தைப் பாருங்கள். "டெஸ்ட் செய்துவிட்டோம்" என்பது இறந்தகாலம். "செய்கிறோம்" நிகழ்காலம். "செய்துவிடுவோம்" எதிர்காலம். மீட்டிங்கில் யாராவது "அது ஓகே" என்று சொன்னால், அதை மனசுக்குள் தமிழில் மொழிபெயர்த்து எந்தக் காலம் என்று கேட்டுக்கொள்வேன். "அடுத்த கிழமைக்குள்ள ஓகே" என்றால் எதிர்காலம், அதாவது இன்னும் ஓகே இல்லை. சனிக்கிழமைப் பள்ளியில் படித்த இலக்கணம் எனக்கு உத்தியோகத்தில் உதவிய ஒரே இடம் இதுதான்.

வேலையை வெளியாருக்குக் கொடுத்தால் ரிஸ்க்கும் அவர்களிடம் போய்விடும் என்று பாடப்புத்தகங்களில் ஒரு வரி வரும். காசு நஷ்டத்தில் கொஞ்சம் போகலாம். அந்தக் கடிதத்தை நம்பி விசாரிக்காமல் விட்டதற்காக, டி.எஸ்.பி.யின் அப்போதைய தலைமைத் தகவல் அதிகாரிக்கே 2023இல் தனிப்பட 81,620 பவுண்ட் அபராதம் விழுந்தது.

சரி, இதைத் தடுக்க நடைமுறையில் என்ன செய்யலாம்? கடைசி வார இறுதியில் முடிவெடுக்காதீர்கள். அந்த அறையில் டைரக்டர்கள் நிற்பார்கள், பீட்சா வந்திருக்கும், எல்லாரும் மூன்று நாள் நித்திரை இல்லாமல் இருப்பார்கள். அப்போது "வேண்டாம், நிறுத்துவோம்" என்று சொல்ல எவருக்கும் வாய் வராது. போகலாமா வேண்டாமா என்பதற்கான நிபந்தனைகளை மூன்று நாலு கிழமைக்கு முதலே, எல்லாரும் அமைதியாக இருக்கும்போது, எண்களோடு எழுதிக் கையெழுத்து வாங்கிவிட வேண்டும். பேரோலில் இது லேசு. பழைய சிஸ்டத்தையும் புதியதையும் இரண்டு மாதம் பக்கத்துப் பக்கத்தில் ஓடவிட்டு, ஒவ்வொரு ஆளின் கைக்கு வரும் சம்பளத்தையும் ஒப்பிடுவார்கள். "காரணம் தெரியாத வித்தியாசம் ஒரு ஆளுக்கு இருந்தாலும் போகமாட்டோம்" என்று எழுதியிருந்தால் முடிவு ஏற்கெனவே எடுத்தாயிற்று. எங்கள் புரொஜெக்டில் அந்த ஒப்பீடு ஒரு மாதத்துக்குத்தான் நடந்தது. மொத்தத் தொகையை மட்டும்தான் பார்த்தார்கள், ஆள் ஆளாகப் பார்க்கவில்லை. ஒரு சதவீதத்துக்குள் வித்தியாசம் என்று எல்லாரும் சந்தோஷப்பட்டோம்.

திரும்பி வர வழி

போக முடியுமா என்று நூறு தடவை கேட்கிறோம். திரும்பி வர முடியுமா என்று கேட்பது குறைவு.

அமெரிக்காவில் நைட் கேப்பிட்டல் என்ற பங்குச்சந்தை நிறுவனம். 2012 ஓகஸ்ட் 1ஆம் திகதி காலை. புது கோடை எட்டு சேர்வரில் போட வேண்டும், ஏழில்தான் போட்டிருந்தார்கள். எட்டாவதில் பல வருடங்களாகப் பாவிக்காத பழைய கோட் அப்படியே இருந்தது. புது கோடுக்கு வைத்த சுவிட்ச், பழைய கோடை எழுப்பும் அதே சுவிட்ச். சந்தை திறந்ததும் அந்த ஒரு சேர்வர் கண்டபடி வாங்கவும் விற்கவும் தொடங்கியது. எது பிழை என்று விளங்காமல் அவர்கள் என்ன செய்தார்கள் தெரியுமா? ஒழுங்காக வேலை செய்துகொண்டிருந்த ஏழு சேர்வரிலும் புது கோடைக் கழற்றினார்கள். பிறகு எட்டும் பழைய கோடை ஓட்டத் தொடங்கின. ஏறத்தாழ 45 நிமிடத்தில் 46 கோடி டாலருக்கு மேல் நஷ்டம்.

அதைவிட வயிறெரியும் விஷயம் ஒன்று இருக்கிறது. அன்று காலை சந்தை திறக்க முதலே அவர்களின் சிஸ்டம் அந்தப் பழைய கோடின் பெயரைச் சொல்லி 97 ஈமெயில் அனுப்பியிருந்தது. அவை எச்சரிக்கை என்று வடிவமைக்கப்பட்டவை அல்ல, அதனால் யாரும் அதன்மேல் எதுவும் செய்யவில்லை. எங்கள் எல்லாருடைய இன்பொக்ஸிலும் அப்படி ஒரு ஃபோல்டர் இருக்கிறது.

2017 ஜனவரி 31 இரவு கிட்லாப்புக்கும் கிட்டத்தட்ட இதேதான். களைத்துப்போன ஒரு எஞ்சினியர் பிழையான சேர்வரில் டேட்டாபேஸை அழித்துவிட்டார். பரவாயில்லை, பேக்கப் இருக்கிறதே என்று தேடினால், ஒவ்வொரு முறையாகக் கைவிட்டது. ஒன்று பல நாட்களாக ஓடவே இல்லை, அது ஓடவில்லை என்று சொல்லும் ஈமெயிலும் வழியில் நிராகரிக்கப்பட்டு வந்து சேரவில்லை. கடைசியில் காப்பாற்றியது, ஆறு மணித்தியாலத்துக்கு முதல் வேறு ஒரு வேலைக்காகத் தற்செயலாக எடுத்துவைத்த ஒரு கொப்பி. அந்த ஆறு மணித்தியாலத் தரவு போனது போனதுதான். ஆனால் அவர்கள் ஒன்றையும் ஒளிக்கவில்லை. மீட்கும் வேலையை யூடியூபில் நேரலையாகவே காட்டினார்கள். அந்தத் துணிச்சலுக்காகவே எனக்கு அவர்களில் ஒரு மதிப்பு.

ஆகவே தங்கச்சி, ஷீட்டில் "பேக்கப் இருக்கிறது" என்று ஒரு வரி இருந்தால், கடைசியாக அதிலிருந்து எப்போது மீட்டுப் பார்த்தீர்கள், எவ்வளவு நேரம் எடுத்தது என்று கேளுங்கள். பதில் வராவிட்டால் பேக்கப் இல்லை என்று எழுதுங்கள். "பிரச்சினை வந்தால் பழையதுக்குத் திரும்புவோம்" என்று இருந்தால், யார், எந்தக் கட்டளையால், எத்தனை நிமிடத்தில், எந்த நேரத்துக்குப் பிறகு அது சரிவராது என்று கேளுங்கள். இந்த ஒரு கேள்விக்கே இரண்டு கிழமை வேலை வரும்.

இனித்தான் தலைப்பு. எங்கட அம்மம்மா உயிரோடு இருந்தவரைக்கும், ஒரு நல்ல காரியம் நடக்கப்போகிற வீட்டில் யாராவது "மழை வந்தா?" என்று கேட்டால் உடனே "அச்சானியமாக் கதையாதை" என்று அதட்டுவா. அச்சானியம் என்றால் அபசகுனமான பேச்சு. வாயால் சொன்னால் நடந்துவிடும் என்ற பயம். வெள்ளைக்காரர்களின் மீட்டிங் அறையிலும் இதே நம்பிக்கைதான் இருக்கிறது, சொற்கள்தான் வேறு. அங்கே "நெகட்டிவாகப் பேசாதே" என்பார்கள்.

கேரி கிளைன் என்ற உளவியலாளர் 2007இல் ஹார்வர்ட் பிசினஸ் ரிவ்யூவில் ப்ரீமோர்ட்டம் என்று ஒரு முறையைப் பற்றி எழுதினார். போஸ்ட்மோர்ட்டம் ஆள் இறந்த பிறகு, இது இறக்க முதல். புரொஜெக்ட் தொடங்கும்போதே எல்லாரையும் இருத்தி, "ஆறு மாதம் கழிந்துவிட்டது, இந்த புரொஜெக்ட் படுதோல்வி, ஏன் என்று எழுதுங்கள்" என்று சொல்ல வேண்டும். தோற்குமா என்று கேட்பதில்லை. தோற்றுவிட்டது என்று வைத்துக்கொண்டு காரணம் மட்டும் கேட்பது. அந்தச் சின்ன மாற்றத்தால் பேசுகிற ஆள் கெட்டவனாகத் தெரிவதில்லை. நல்ல காரணம் சொல்பவன் கெட்டிக்காரன் ஆகிவிடுகிறான்.

நான் இப்போது எந்த புரொஜெக்டிலும் முதல் மாதத்தில் இதைச் செய்துவிடுவேன். அரை மணித்தியாலம் போதும். முதல் பத்து நிமிடம் ஒருவரும் கதைக்கக் கூடாது, எழுத மட்டும்தான். பெரியவர்களுக்கு முன்னால் எதிர்த்துக் கதைக்காமல் வளர்ந்த எங்களைப் போன்ற ஆட்களுக்கு இந்தப் பத்து நிமிடம் பெரிய உதவி. பிறகு ஒவ்வொருவராக ஒரு காரணம் வாசிக்க வேண்டும், வயதிலும் பதவியிலும் குறைந்தவரிலிருந்து தொடங்கி. மேனேஜர் கடைசி. மேனேஜர் முதலில் வாசித்தால் மற்றவர்கள் தங்கள் பேப்பரை மெதுவாகத் திருத்துவதைக் கண்ணால் பார்த்திருக்கிறேன். ஒருமுறை, சேர்ந்து மூன்று கிழமையான ஒரு பெடியன், "லைசன்ஸ் முடியிற திகதியை ஒருத்தரும் பாக்கேல்ல" என்று எழுதியிருந்தான். பார்த்தால் உண்மை. புது சிஸ்டம் திறந்து நாலாவது நாளில் முடிகிறது.

ப்ரீமோர்ட்டம் வைக்கும் அதிகாரம் உங்களிடம் இல்லாவிட்டாலும், கண்டதைச் சொல்ல ஒரு மெசேஜ் போதும். அந்தப் பேரோலுக்குப் பிறகு நான் பழகிக்கொண்ட வடிவம் இது. ஆங்கிலத்தில்தான் அனுப்புவேன், தமிழில் இப்படி வரும்:

"நான் நேற்று இதைக் கண்டேன்: 400இல் 11 பேருக்கு இரண்டாவது ஒப்பந்தம் அழிகிறது. முழுத் தரவில் ஏறத்தாழ 220 பேர். இரண்டு வழி தெரிகிறது: ஸ்கிரிப்ட்டைத் திருத்துவது, நாலு நாள். அல்லது அந்த ஆட்களை மட்டும் இந்த மாதம் பழைய சிஸ்டத்தில் விடுவது, ஒரு நாள். எதையும் செய்யாமல் விடுவதும் ஒரு முடிவுதான், ஆனால் அதை நீங்கள் எடுக்க வேண்டும், நான் எடுக்க முடியாது. வியாழன் நாலு மணிக்குள் பதில் வேண்டும், அதற்குப் பிறகு முதலாவது வழிக்கு நேரம் இல்லை."

இதில் குற்றம் சொல்வதாக ஒரு வரியும் இல்லை. கண்டது, எண்ணிக்கை, வழி, கடைசி நேரம். "செய்யாமல் விடுவதும் ஒரு முடிவு" என்ற வரியில்தான் ஆட்கள் நிமிர்ந்து உட்காருவார்கள். பதில் வராவிட்டால் வியாழன் மூன்று மணிக்கு ஒரு கோல். அதற்கும் வராவிட்டால் அவருக்கு மேலே இருப்பவருக்கு, அவரையும் சேர்த்து, ஒளிக்காமல் அனுப்புங்கள்.

இப்படி எழுதியதற்காக ஒரு கொன்ட்ராக்ட் எனக்கு நீட்டப்படாமல் போயிருக்கிறது. அதனால்தானா என்று எவரும் சொல்லமாட்டார்கள், ஆனால் எனக்கு விளங்கியது. இரண்டு மாதம் வேலை இல்லாமல் இருந்தேன். அது நடக்கவே நடக்காது என்று உங்களுக்குப் பொய் சொல்ல மாட்டேன். நாள் கூலிக்கு வேலை செய்கிறவர்கள் மூன்று மாதச் செலவுக்குக் காசு சேர்த்து வைத்துக்கொள்ளுங்கள். அந்தக் காசு கையில் இருந்தால் சிவப்புப் போடுவது கொஞ்சம் லேசாக இருக்கும்.

கடைசியாக அந்த 43 வரிக்கு வருவோம். ஒரு பின்னேரம் ஒதுக்குங்கள். நடந்து முடிந்தவற்றை இஷ்யூ லிஸ்டுக்கு மாற்றுங்கள். "திறமையான ஆட்கள் கிடைக்காமல் போகலாம்" மாதிரி எந்த புரொஜெக்டுக்கும் பொருந்துகிற வரிகளை ஒரு பக்கமாக ஒதுக்குங்கள், அழிக்க வேண்டாம், யாரோ ஒருவர் அதற்குப் பிள்ளை மாதிரி உரிமை கொண்டாடுவார். மிச்சத்தை முழு வசனமாக எழுதிப் பாருங்கள். எழுத முடியாதது என்றால் அதைப் போட்டவரிடம் போய்க் கேளுங்கள், "இது நடந்தால் முதல் கோல் யாருக்கு வரும்?" என்று. அநேகமாக ஏழெட்டு வரிதான் தேறும். வெள்ளிக்கிழமைகளில் அந்த ஏழெட்டை மட்டும், உரிய ஆளிடம் நேரே போய், "போன கிழமைக்குப் பிறகு என்ன மாறியது?" என்று கேளுங்கள். ஒன்றும் மாறவில்லை என்று மூன்று கிழமை தொடர்ந்து பதில் வந்தால், அந்த ஆள் அதைப் பார்க்கவே இல்லை.

அடுத்த எபிசோடில் இதையே வாயால் செய்து பார்ப்போம். உங்கள் ரெஜிஸ்டரில் இருந்து ஒரு வரி, கொம்பனியின் பெயரும் ஆட்களின் பெயரும் இல்லாமல், வாய்ஸ் நோட்டில் அனுப்புங்கள். ஐந்து வரியை எடுத்து முழு வசனமாக மாற்றுவோம். முதல் வரி என்னுடைய பழைய மஞ்சள் வரி, அதை நானே வாசிக்கிறன்.